ஜாரின் வைத்தியர் யெவ்கேனி போட்கின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்கின் யார்?

ரஷ்யாவின் கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸின் குடும்ப வைத்தியர். 1865-ல் ஜார்ஸ்கோயே செலோவில் பிறந்தார். 1918 ஜூலை 17 அதிகாலையில் எகடெரின்பர்க் நகரத்து வீடொன்றின் கீழ்த்தள அறையில், தன் நோயாளிகள் ஏழு பேரோடும் வேலையாட்கள் மூவரோடும் சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 53.

ஜார் குடும்பத்தின் முடிவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இவருக்கு ஒதுக்குவது ஒரு வரி: "குடும்ப டாக்டரும் உடன் கொல்லப்பட்டார்." அந்த 'உடன்' எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

மாஸ்கோவில் போட்கின் மருத்துவமனை என்று ஒன்று இருக்கிறதே, அது இவர் பெயரிலா?

இல்லை, அப்பா பெயரில். செர்கேய் போட்கின் (1832–1889) ரஷ்ய மருத்துவத்தில் பெரிய பெயர். தேயிலை வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, இரண்டாம் அலெக்ஸாண்டருக்கும் மூன்றாம் அலெக்ஸாண்டருக்கும் வைத்தியராக இருந்தவர். தொற்றால் வரும் மஞ்சள் காமாலையை ரஷ்யாவில் வெகுகாலம் 'போட்கின் நோய்' என்றே சொன்னார்கள். சோவியத் ஆட்சிக்கும் அவர் வேண்டியவர்தான். 1922-ல் லெனின் உடம்பிலிருந்து துப்பாக்கிக் குண்டை எடுத்த அறுவை சிகிச்சை நடந்தது இந்த மருத்துவமனையில். அப்பா பெயர் வாசலில் இருக்க, மகன் பெயரைச் சோவியத் காலம் முழுக்க யாரும் எடுக்கவில்லை.

அரண்மனை வேலை அப்பா செல்வாக்கில் கிடைத்ததா?

அப்படித்தான் தோன்றும். ஆனால் இல்லை. யெவ்கேனி பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவ அகாடமியில் 1889-ல் படித்து முடித்தார். அதே ஆண்டு அப்பா காலமானார். ஏழைகளுக்கான மரியின்ஸ்கி மருத்துவமனையில் உதவி மருத்துவராகத் தொடங்கி, பெர்லினுக்கும் ஹைடல்பர்க்குக்கும் போய்ப் படித்து வந்தார். 1893-ல் அவர் ஆய்வேட்டை அளித்தபோது எதிர்த்தரப்பில் அமர்ந்து கேள்வி கேட்டவர் இவான் பாவ்லவ். ஆம், நாய்ப் பரிசோதனைப் பாவ்லவ்தான்.

திருப்பம் 1904-ல் வந்தது. ரஷ்ய–ஜப்பானியப் போர் தொடங்கியதும், நான்கு குழந்தைகளின் தகப்பனான இவர் தானாக முன்வந்து செஞ்சிலுவைப் பிரிவோடு மஞ்சூரியாவுக்குப் போனார். போர்முனையிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 1908-ல் புத்தகமாக வந்தன. அப்போதுதான் பழைய அரண்மனை வைத்தியர் ஹிர்ஷ் இறந்து இடம் காலியாக இருந்தது. மகாராணி அலெக்ஸாண்ட்ரா போட்கின் வேண்டும் என்றாராம். எந்தப் போட்கின் என்று கேட்டார்கள். அண்ணன் தம்பிகளில் இன்னொருவரும் டாக்டர். "போருக்குப் போனவர்" என்று பதில் வந்தது என்பது குடும்பத்தில் வழங்கும் கதை.

'லெய்ப்மெடிக்' என்றால் என்ன?

ஜார் குடும்பத்துக்கென்றே நியமிக்கப்பட்ட வைத்தியருக்கு ரஷ்ய அரண்மனையில் இருந்த பதவிப் பெயர். ஜெர்மனியிலிருந்து வந்த சொல்.

போட்கினின் பொறுப்பில் முக்கியமாக இருந்தவர் மகாராணி. இளவரசன் அலெக்ஸிக்கு விளாதிமிர் தெரெவெங்கோ என்ற மருத்துவர் தனியாக இருந்தார். அறுவை விஷயங்களுக்குப் பேராசிரியர் பியோதரவ் வருவார். குடும்பம் கிரிமியாவுக்குப் போனாலும் போலந்து வேட்டை மாளிகைக்குப் போனாலும் போட்கினும் கூடப் போக வேண்டும். ஆள் பருமன், கண்ணாடி, நீலக் கோட்டு, தங்கக் கடிகாரச் சங்கிலி. பிரெஞ்சு வாசனைத் தைலத்தைத் தாராளமாகப் பூசிக்கொள்வாராம். எந்த அறையில் இருக்கிறார் என்று மோப்பம் பிடித்தே கண்டுபிடிப்பது ஜாரின் பெண்களுக்கு ஒரு விளையாட்டு.

இளவரசனுக்கு என்ன நோய்? உண்மையிலேயே மருந்து இல்லையா?

ஹீமோஃபீலியா. ரத்தம் உறையாத நோய். அலெக்ஸி 1904 ஆகஸ்டில் பிறந்தான். சில வாரங்களிலேயே தொப்புளில் ரத்தம் கசிந்து நோய் தெரிந்துவிட்டது. இது தாய்வழியாக மகனுக்கு வரும். விக்டோரியா ராணியிடமிருந்து மகள் ஆலிஸுக்கும், ஆலிஸிடமிருந்து அலெக்ஸாண்ட்ராவுக்கும், அலெக்ஸாண்ட்ராவிடமிருந்து அலெக்ஸிக்கும் வந்தது. அலெக்ஸாண்ட்ராவின் அண்ணன் ஜன்னலிலிருந்து விழுந்து இரண்டு வயதில் போனான். தாய்மாமன் லியோபோல்ட் முப்பது வயதில் போனார். அக்காள் மகன் ஹைன்ரிக் 1904 பிப்ரவரியில் நான்கு வயதில் போனான், அதாவது அலெக்ஸி பிறப்பதற்கு ஆறு மாதம் முன்பு. ஆக, மகன் நோயைப் பார்த்ததும் அந்தத் தாய்க்கு முடிவும் தெரிந்திருந்தது.

வெளியே வடியும் ரத்தத்தைவிட உள்ளே கசியும் ரத்தம்தான் கொடுமை. முட்டியை எங்காவது இடித்துக்கொண்டால் மூட்டுக்குள் ரத்தம் நிறையும், வீங்கும், கால் மடங்கிப்போகும். நாள்கணக்கில் அலறல். ரத்தத்தில் எந்தப் பொருள் குறைகிறது என்பதே அன்று யாருக்கும் தெரியாது. அலெக்ஸிக்கு இருந்தது 'பி' வகை என்பது 2009-ல் எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்தபோதுதான் உறுதியானது. அந்த வகையைத் தனியாகப் பிரித்துச் சொன்னதே 1952-ல். ஆகவே 1908-ல் வேலைக்குச் சேர்ந்த போட்கினின் பையில் இதற்கு ஒன்றுமில்லை. படுக்க வைக்கலாம், கட்டுப் போடலாம், வீக்கம் வற்றிய பிறகு மசாஜ் செய்யலாம், இரும்புச் சட்டம் மாட்டி மடங்கிய காலை மெல்ல நிமிர்த்தலாம். அவ்வளவுதான்.

இன்னொரு சுமையும் இருந்தது. நோயின் பெயர் அரசாங்க ரகசியம். என்ன வியாதி என்று போட்கின் தன் சொந்தப் பிள்ளைகளிடம்கூடப் பேசியதில்லை.

சைபீரியச் சாமியார் ரஸ்புடின் குணப்படுத்தினார், டாக்டர்கள் கைவிட்டார்கள் என்கிறார்களே?

இது 1912 அக்டோபரில் போலந்தின் ஸ்பாலா வேட்டை மாளிகையில் நடந்ததை வைத்துச் சொல்வது. சில வாரங்களுக்கு முன் அலெக்ஸி படகில் ஏறும்போது தொடையில் இடித்துக்கொண்டான். ஆறியதுபோல இருந்தது. பிறகு அம்மாவோடு குதிரை வண்டியில் போனபோது ஏற்பட்ட குலுக்கலில் தொடையிலும் அடிவயிற்றிலும் உள்ளுக்குள் ரத்தம் பெருகியது. காய்ச்சல் ஏறியது. எட்டு வயதுப் பையன் செத்துப்போக விடுங்கள் என்று கேட்கும் நிலை. போட்கினோடு பியோதரவ், தெரெவெங்கோ, முதியவர் ரவுக்ஃபுஸ் எல்லோரும் இருந்தார்கள். கத்தி வைத்தால் அந்த வெட்டே உயிரை எடுக்கும். கடைசிச் சடங்குகூட நடந்துவிட்டது. நோயின் பெயரைச் சொல்லாமல் உடல்நிலை அறிக்கை வெளியிட்டார்கள்.

மகாராணி ரஸ்புடினுக்குத் தந்தி அடித்தார். சிறுவன் சாகமாட்டான், டாக்டர்கள் அவனை ரொம்பத் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்கிற பொருளில் பதில் வந்தது. அடுத்த நாள் ரத்தப்போக்கு நின்றது.

என் கருத்தைக் கேட்டால்: கைவைக்காதே என்பது அன்றைய நிலையில் மோசமான ஆலோசனை இல்லை. ஒவ்வொரு முறை தொட்டுப் பார்க்கும்போதும் உறைய முயலும் ரத்தம் மறுபடி கசியும். வலிக்கு ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அதுவும் ரத்தத்தை இளக்கும். ரஸ்புடின் சொல்லி மருந்தை நிறுத்தியதே நன்மை செய்திருக்கலாம் என்று பிற்காலத்தில் சிலர் ஊகித்தார்கள், ஊகம்தான். தாய் அமைதியானதும் பிள்ளை அமைதியானது இன்னொரு காரணமாக இருக்கலாம். ஆனால் 'கைவிட்டார்கள்' என்பது அநியாயம். ராத்திரி பகலாகக் கட்டிலருகே இருந்தவர்கள் அவர்கள். தந்தி வந்தது சைபீரியாவிலிருந்து.

இதன் பலனை நாடே அனுபவித்தது. அந்தத் தந்திக்குப் பிறகு மகாராணிக்கு ரஸ்புடின்மேல் இருந்த நம்பிக்கையை யாராலும் அசைக்க முடியவில்லை.

அவர் நல்ல டாக்டர்தானா? மகாராணி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார் என்று படித்தேன்.

கேட்க வேண்டிய கேள்வி. விசுவாசத்தைப் பேசும்போது இதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அலெக்ஸாண்ட்ராவுக்கு இடுப்புநரம்பு வலி, மூச்சிரைப்பு, தலைவலி, நெஞ்சுவலி. தன் இதயம் 'விரிந்துவிட்டது' என்று நம்பினார். இன்றைக்கு ஒன்றாம் எண், இன்றைக்கு இரண்டாம் எண் என்று கடிதங்களில் அளவு போட்டு எழுதுவார். போட்கின் அதை இதயக் கோளாறு என்றே ஏற்று ஓய்வு சொன்னார். 1910-ல் ஜெர்மனியின் நௌஹைம் நீரூற்றுகளுக்கு அழைத்துப் போனார்கள். பெரும்பகுதி மன அழுத்தம், ஓய்வு சொல்லிச் சொல்லியே அவரைச் சோபாவில் கிடத்திவிட்டார் போட்கின் என்று அன்றே விமர்சனம் இருந்தது.

விமர்சனத்தில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். மறுத்துப் பேசும் வைத்தியரை மகாராணி வைத்துக்கொண்டிருக்கமாட்டார் என்பதும் உண்மை. போட்கின் மருத்துவ மேதை இல்லை, அப்பாதான் மேதை. மகனிடம் இருந்தது வேறு: பொறுமை, வாய்க்கட்டு, கூப்பிட்ட நேரத்தில் வந்து நிற்பது.

அவர் குடும்ப வாழ்க்கை?

சிதைந்தது. அரண்மனையே கதியாகக் கிடந்தவரை விட்டு, குழந்தைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தவரோடு மனைவி போய்விட்டார், 1910-ல் விவாகரத்து. பிள்ளைகள் அப்பாவிடமே இருந்தார்கள். 1914-ல் உலகப்போர் தொடங்கிய சில மாதங்களில் மகன் திமீத்ரி போர்முனையில் இறந்தான். தன் வீட்டையே காயம்பட்ட வீரர்களுக்கான சிறு மருத்துவமனையாக ஆக்கினார் போட்கின்.

1917-ல் பலரும் விலகிப் போனார்கள். இவர் ஏன் போகவில்லை?

மார்ச்சில் ஜார் பதவி துறந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒருவர் பின் ஒருவராக அம்மை கண்டிருந்தது. மணல்வாரி. பதவி போன செய்தி வந்தபோது போட்கினின் கவலை காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதாகவே இருந்திருக்கும். அரண்மனையைக் காவலில் எடுத்தவர்கள், போக விரும்புகிறவர்கள் இப்போதே போகலாம், தங்கினால் நீங்களும் கைதிகள் என்றார்கள். நேற்றுவரை குனிந்து கும்பிட்ட பரிவாரத்தில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். போட்கின் தங்கினார்.

காவலில் பாடம் நடத்த ஆசிரியர்கள் போதவில்லை. அப்பா வரலாறும் பூகோளமும், அம்மா சமயம், டாக்டர் ரஷ்ய மொழி என்று பகிர்ந்துகொண்டார்கள். நாடாண்டவர் பூகோள வாத்தியாரானது ஒரு பக்கம். வைத்தியர் இலக்கண வாத்தியாரானதில் எனக்கு ஏனோ ஒரு ஈர்ப்பு.

தேதிகள் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறாக இருக்கின்றனவே?

ரஷ்யாவில் பழைய நாட்காட்டி 13 நாள் பின்தங்கி இருந்தது. 1918 ஜனவரி 31-க்கு மறுநாளைப் பிப்ரவரி 14 என்று வைத்துப் புதியதற்கு மாறினார்கள். இங்கே எல்லாம் புதிய கணக்கு.

டோபோல்ஸ்கில் என்ன நடந்தது?

1917 ஆகஸ்டில் குடும்பத்தைச் சைபீரியாவின் டோபோல்ஸ்கிற்கு ரயிலிலும் கப்பலிலும் கொண்டுபோனார்கள். போட்கினும் கூடப் போனார். அவருடைய மகள் தத்யானாவும் மகன் கிளேபும் பிறகு வந்து சேர்ந்தார்கள். (ஜாரின் இரண்டாவது மகள் பெயரும் தத்யானா. குழம்ப வேண்டாம்.) ஜார் குடும்பம் ஆளுநர் மாளிகையில், எதிர்வீட்டில் போட்கின் குடும்பம். தெருவைத் தாண்டிப் போய்வர அவருக்கு அனுமதி இருந்தது.

அவர் வாழ்வின் நிறைவான மாதங்கள் இவை என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர்க்காரர்கள் வைத்தியம் பார்க்க வரத் தொடங்கினார்கள். பத்து வருடம் ஒரே குடும்பத்தின் நாடியைப் பிடித்த கை, மறுபடி ஏழை எளியவர்களின் நாடியைப் பிடித்தது. இன்னொரு வேலையும் இருந்தது. பதினேழு வயது கிளேப் விலங்குகளைக் கதாபாத்திரங்களாக வைத்து வண்ணப்படக் கதைகள் வரைவான். அவற்றை எதிர்வீட்டுச் சிறைக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் கொடுத்தவர் டாக்டர்தான்.

1918 ஏப்ரலில் மாஸ்கோவிலிருந்து ஆணையர் வந்தார். அலெக்ஸி அப்போது மாடிப்படியில் சறுக்கி விளையாடி அடிபட்டு, ஸ்பாலாவுக்குப் பிறகு வந்த மிக மோசமான ரத்தக்கசிவில் கிடந்தான். நகர்த்த முடியாது. ஜாரையும் மகாராணியையும் மகள் மரியாவையும் மட்டும் கொண்டுபோனார்கள். மகாராணியின் வைத்தியர் என்ற முறையில் போட்கின் கூடப் போனார். அவர் பிள்ளைகள் இருவரும் டோபோல்ஸ்கில் நின்றுவிட்டார்கள். அப்பாவிடம் போக வேண்டும் என்று மகள் தத்யானா பிறகு கேட்டுப் பார்த்தாள், அனுமதி கிடைக்கவில்லை. அந்த மறுப்புதான் அவள் உயிரைக் காத்தது.

எகடெரின்பர்க்கில் அந்த வீடு எப்படி இருந்தது?

இபாத்தியெவ் என்ற பொறியாளரின் வீடு. புது ஆட்சி அதற்கு வைத்த பெயர் 'சிறப்பு நோக்க இல்லம்'. சுற்றி உயரமான மரவேலி, ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. வெளியே வெயிலா மழையா என்றுகூடத் தெரியாது. ஏப்ரல் 30-ல் முதலில் வந்தவர்கள் 78 நாள் அங்கே இருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் மே 23-ல் வந்து சேர்ந்தார்கள்.

நடைப்பயிற்சிக்கு இன்னும் சற்று நேரம், ஜன்னலைத் திறக்க அனுமதி என்று எதற்கும் காவல் அதிகாரியிடம் போய் நின்று பேசும் வேலை போட்கினுக்கு வந்து சேர்ந்தது. மே மாதம் அவர் மேலிடத்துக்கு எழுதிய மனு ஒன்று இருக்கிறது. அலெக்ஸியின் ஆசிரியர்கள் கில்லியார்டும் கிப்ஸும் ஊரிலேயே இருந்தார்கள். அவர்களை உள்ளே விடுங்கள். வலியில் துடிக்கும் பையனுக்கு மருந்தைவிட அவர்கள் அருகிருப்பது ஆறுதல். பெற்றவர்களாலும் இரவு பகல் பார்க்க முடியவில்லை, தேய்ந்துவரும் என் பலமும் போதவில்லை என்று கெஞ்சுகிறார். எனக்கு ஓய்வு வேண்டும் என்று அவர் எழுதிய ஒரே இடம் இதுதானோ என்னவோ, அதுவும் பையனுக்காக. மனு மறுக்கப்பட்டது.

நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்திலிருந்து பார்ப்பவன் என்று மருத்துவத்துக்கு நான்கு கூறு சொல்வார்கள் நம்மில். அந்த வீட்டில் மருந்து இல்லை. மற்ற மூன்றும் இடம் மாறிக்கொண்டே இருந்தன. ஜூனில் போட்கினுக்கே சிறுநீரகக் கல் வலி வந்து படுத்துவிட்டார். போர்க்காலத்தில் செவிலியர் பயிற்சி பெற்ற ஜாரின் மகள் தத்யானாதான் அவருக்கு மார்ஃபின் ஊசி போட்டாள்.

யூரோவ்ஸ்கியும் மருத்துவத் துறைக்காரர் என்பது உண்மையா?

உண்மை. ஜூலை 4-ல் காவல் தலைவராகப் பொறுப்பேற்றுப் பின் கொலையை நடத்திய யாகவ் யூரோவ்ஸ்கி, உலகப்போரின்போது ராணுவத்தில் மருத்துவ உதவியாளர் பயிற்சி பெற்றவர். மே மாத இறுதியிலேயே ஒரு நாள் தெரெவெங்கோவோடு வீட்டுக்குள் வந்து அலெக்ஸியின் வீங்கிய காலைப் பார்த்து, மாவுக்கட்டுப் போடச் சொல்லிவிட்டுப் போனார். கறுப்பு உடை ஆசாமியை டாக்டர் என்றே எண்ணியதாக ஜார் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

தப்பிக்க வாய்ப்பு இருந்ததா?

ஜூனில் 'ஓர் அதிகாரி' என்ற கையெழுத்தோடு பிரெஞ்சில் ரகசியக் கடிதங்கள் வந்தன. உங்களை மீட்கத் தயாராக இருக்கிறோம் என்று. அவை காவலர்கள் தரப்பே எழுதிய போலி. தப்பிக்க முயன்றார்கள் என்று காட்டச் சான்று தேடும் வேலை. குடும்பம் எழுதிய பதில் ஒன்றில் போட்கின் வருகிறார்: டாக்டர் மூன்று நாளாகச் சிறுநீரக வலியில் படுத்திருக்கிறார், தேறி வருகிறார், தாமாக நம்மோடு வந்தவர்களை இங்கே தனியே விட்டுப் போவது இழிவு. விசுவாசம் இரண்டு பக்கமும் ஓடியதற்கு, பொறியாக வைத்த கடிதமே சாட்சியாகிவிட்டது.

"ஜாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லி விடுதலையை மறுத்தாராமே?

பலரும் பகிரும் காட்சி இது. அப்போது ஆட்சியில் இருந்த போல்ஷ்விக்குகள் மாஸ்கோவில் நல்ல வேலை தருகிறோம் என்றார்களாம், இவர் நன்றி சொல்லி மறுத்தாராம். போர்க்கைதியாக அங்கே இருந்த ஒருவர் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பிலிருந்து வருகிறது. பிழைகள் மலிந்த குறிப்பு, வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. நானும் அந்த வசனத்தை எடுத்து எங்கும் போடுவதில்லை. அவரே கைப்பட எழுதியது இருக்கும்போது வேறெதற்கு?

அந்தக் கடைசிக் கடிதத்தில் என்ன இருக்கிறது?

ஜூலை 9 தேதியிட்டது, 'சாஷா' என்று விளித்துத் தொடங்குவது. முடியவில்லை, அனுப்பப்படவும் இல்லை. தான் இங்கே தானாக வந்து அடைபட்டிருப்பதாகச் சொல்கிறார். அதற்குக் கால வரம்பு இல்லை, என் மண்ணுலக வாழ்வுக்குத்தான் வரம்பு இருக்கிறது என்ற பொருளில் எழுதுகிறார். உண்மையில் நான் இறந்துவிட்டேன், இன்னும் புதைக்கவில்லை, அல்லது உயிரோடு புதைத்துவிட்டார்கள் என்கிறார். டோபோல்ஸ்க் நோயாளிகளை நினைத்துக்கொள்கிறார். 1889-ல் தன்னோடு படித்து வெளிவந்த வகுப்புத் தோழர்களையும், அன்று அவர்கள் பிடித்துக்கொண்ட கொள்கைகளையும் நினைத்துக்கொள்கிறார்.

பிறகு அந்த வாக்கியம். கடவுள் கேட்டபோது ஒரே மகனைப் பலிகொடுக்க ஆபிரகாம் தயங்காததுபோல, வைத்தியனின் கடமையைக் கடைசிவரை செய்ய என் பிள்ளைகளை அநாதைகளாக விட நானும் தயங்கவில்லை.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். 'ஜாருக்கான கடமை' என்று அவர் எழுதவில்லை, 'வைத்தியனின் கடமை' என்று எழுதுகிறார். அடுத்தது, அவர் தேடிப்பிடித்த உவமை. ஆபிரகாம் கதையில் கத்தி மகன் கழுத்தில்தான் இருக்கிறது. நான் என்னையே பலி கொடுத்தேன் என்று எழுதியிருக்கலாம், ஊர் மெச்சியிருக்கும். பலியானது பிள்ளைகள் என்பதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். இதனால்தான் அவரைக் கோயில் சிலைபோலப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. அவர் முடிவு சரியா என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அவர் யாரையும் கேட்கவில்லை.

செஞ்சோற்றுக் கடன்தானே இது?

நம் ஊர்க் காதுக்கு அப்படித்தான் கேட்கும். உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுக்கும் கர்ணன், அரசன் விழுந்தால் தானும் விழுவதாகச் சபதமெடுத்த சோழர் காலத்து வேளைக்காரர். முழுக்கப் பொருந்தாது. கர்ணன் நின்றது துரியோதனன் பக்கம். சண்டையில் பக்கம் உண்டு. போட்கின் எந்தச் சண்டையிலும் இல்லை. ஜாரின் ஆட்சி செய்த கொடுமைகள் பல, அவற்றுக்கு அந்த நாட்டு மக்கள் கணக்குக் கேட்டதில் நியாயமும் உண்டு. ஆனால் 1918 கோடையில் அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது ஆட்சி இல்லை. நடக்க முடியாத பதின்மூன்று வயதுப் பையனும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் அவன் தாயும்.

அந்த இரவு என்ன நடந்தது?

சமையலறையில் உதவிக்கு இருந்த லியோனித் செத்னெவ் என்ற பதினான்கு வயதுப் பையனை, மாமாவைப் பார்க்கப் போகிறாய் என்று சொல்லி முன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள். மாமாவை ஏற்கெனவே சுட்டிருந்தார்கள். பையன் பிழைத்தான்.

நள்ளிரவு தாண்டி, ஒன்றரை மணி வாக்கில் யூரோவ்ஸ்கி முதலில் எழுப்பியது போட்கினை. ஊரில் கலவரம், மாடியில் இருப்பது ஆபத்து, எல்லோரையும் எழுப்பிக் கீழே கூட்டி வாருங்கள் என்றார். எழுப்பியவர் டாக்டர்தான். எப்போதும் அவர்தானே நடுவில். முகம் கழுவி உடுத்திக்கொண்டு இறங்கினார்கள். அலெக்ஸியை ஜார் தூக்கி வந்தார். வெறும் அறை. மகாராணி கேட்டதால் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், அவருக்கும் பையனுக்கும். பணிப்பெண் ஆன்னா தெமிதவா, பணியாள் த்ரூப், சமையல்காரர் கரித்தோனவ், போட்கின் எல்லோரும் நின்றார்கள். தீர்ப்பை வாசித்ததும் சுட்டார்கள். முதல் சூட்டில் போட்கின் சாகவில்லை, கையை ஊன்றிச் சாய்ந்து கிடந்தார், அவரை நானே சுட்டு முடித்தேன் என்று யூரோவ்ஸ்கி பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

தத்யானா ஓர் அதிகாரியை மணந்து, விளாதிவஸ்தோக் வழியாக வெளியேறி, பிரான்சில் வாழ்ந்து 1986-ல் காலமானார். கிளேப் ஜப்பான் வழியாக அமெரிக்கா போனார், 1969-ல் இறந்தார்.

இருவர் வாழ்விலும் ஒரு விசித்திரம். நான்தான் தப்பிப் பிழைத்த அனஸ்தாசியா என்று சொல்லிக்கொண்ட ஆன்னா ஆண்டர்சனை இருவருமே நம்பினார்கள். கிளேப் அவருக்காக ஆயுள் முழுக்கப் போராடினார். 1994-ல் வெளியான மரபணுச் சோதனை அந்தப் பெண்மணி அனஸ்தாசியா இல்லை என்று காட்டியபோது இருவரும் உயிரோடு இல்லை. ஏமாளிகள் என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்த அறையிலிருந்து ஓர் ஆள் உயிரோடு வெளியே வந்திருக்க முடியும் என்றால் அப்பாவும்... என்று ஓடும் மனசை நான் அப்படிச் சிரிக்கமாட்டேன்.

உடல் கிடைத்ததா?

உடல்களை முதலில் வீசிய கானினா யாமா சுரங்கக் குழியை 1919-ல் தோண்டிய புலனாய்வாளர் சொகலோவுக்குக் கிடைத்தவற்றில் போட்கினின் மேல்வரிசைப் பல்செட்டும் இருந்தது. உடல்கள் கிடைக்கவில்லை. 1979-ல் இருவர் ரகசியமாகப் புதைகுழியைக் கண்டுபிடித்து, பயந்து மூடிவைத்தார்கள். 1991-ல் முறையாகத் தோண்டியபோது ஒன்பது பேரின் எலும்புகள். அதில் மேல்பற்கள் இல்லாத மண்டையோடு டாக்டருடையது. விடுபட்டிருந்த அலெக்ஸியும் ஒரு சகோதரியும் 2007-ல் கிடைத்தார்கள். இபாத்தியெவ் வீட்டை 1977-ல் இடித்துத் தள்ளியிருந்தார்கள். அப்போது அந்த மாகாணக் கட்சிச் செயலாளர் போரிஸ் யெல்ட்சின். கொலை நடந்து 80 ஆண்டு நிறைந்த நாளில், 1998 ஜூலை 17 அன்று, பீட்டர்ஸ்பர்க்கின் பீட்டர்–பால் தேவாலயத்தில் ஜார் குடும்பத்தோடு போட்கினையும் அடக்கம் செய்தார்கள். அதிபராக வந்து தலைகுனிந்து நின்றவரும் அதே யெல்ட்சின்தான்.

அவரைப் புனிதராக அறிவித்துவிட்டார்களா?

வெளிநாட்டு ரஷ்யத் திருச்சபை 1981-லேயே அறிவித்தது. மாஸ்கோ திருச்சபை 2000-ல் ஜார் குடும்பத்தை மட்டும் ஏற்றது. போட்கினுக்கு 2016 பிப்ரவரி வரை ஆனது. அவர்கள் வைத்த பெயரில் ஜாரும் இல்லை, அரண்மனையும் இல்லை. 'துயர் தாங்கிய நீதிமான், வைத்தியர் யெவ்கேனி' என்று மட்டும் இருக்கிறது.